லேப் எங்கே? குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் தாளாளர்கள், முதல்வர்கள், பிளேஸ்மென்ட் அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வெட்டூர்ணிமடத்தில் தொடங்கி மார்த்தாண்டம் வரைக்கும் உங்கள் ஃப்ளெக்ஸ் போர்டுகள் ஏறிவிடும். டை கட்டிய பிள்ளைகளின் படம், கம்பெனிகளின் சின்னம், ‘100% பிளேஸ்மென்ட்’. அந்தப் போர்டுகளில் ஒரு லேப்பின் படம் இருந்து நான் பார்த்ததில்லை. வொர்க்‌ஷாப் கிடையாது, நூலகம் கிடையாது, பாடம் நடத்தும் ஒரு வாத்தியார் முகமும் கிடையாது. நான்கு வருடப் படிப்புக்கு விளம்பரம். அதில் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். மெக்கானிக்கல் படித்துவிட்டு திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். நம் மாவட்டத்தில் இது அதிசயமில்லை என்று உங்களுக்கே தெரியும். காலை ரயிலில் இரணியலிலும் குழித்துறையிலும் ஏறுகிறவர்களைப் பார்த்தாலே போதும். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் மேஜையில் உட்காருவதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆகவே உங்கள் பிள்ளைகளை நான்கு வருடம் நீங்கள் பார்த்து முடித்த பிறகு, அரை மணி நேரம் நான் பார்க்கிறேன்.

அப்படி ஒரு அரை மணி நேரம். மெக்கானிக்கல் முடித்த பையன், நல்ல மார்க், அரியர் இல்லை. இரண்டு குழாய் சேர்ந்து தொட்டியை எவ்வளவு நேரத்தில் நிரப்பும் என்ற ஆப்டிட்யூட் கணக்கை நான் சொல்லி முடிப்பதற்குள் விடை சொன்னான். சரி, உங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிப்பாய் என்றேன். பையன் திகைத்துப் போனான். ஃபுட் வால்வு, காற்று பிடித்தல், பிரைமிங் எதுவும் வரவில்லை. கடைசியில், “சார், பிளம்பரைக் கூப்பிடுவோம்” என்றான். சென்ட்ரிஃபியூகல் பம்ப் அவனுக்குப் பாடத்தில் இருந்தது, லேப்பிலும் இருந்தது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியிருந்தான். பையனைக் குறை சொல்லவில்லை. கெட்டிக்காரன். அவனுடைய கெட்டிக்காரத்தனத்தை எந்தத் திசையில் திருப்பிவிட்டோம் என்பதுதான் கேள்வி.

இந்தத் திசை தானாக வரவில்லை. இந்தியாவுக்கு வெளிநாட்டு மென்பொருள் வேலை வரத் தொடங்கியது 1970களில். டிசிஎஸ் 1974இல் அமெரிக்காவின் பரோஸ் என்ற கணினிக் கம்பெனிக்காக வேலை செய்யத் தொடங்கியது. 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கடை விரித்து, சாட்டிலைட் வழியே வேலையைக் கடல் தாண்டி அனுப்பிக் காட்டியது. 1990இல் நம் பக்கத்து வீடான கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வந்தது, நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க். (அதற்கு அடித்தளம் போட்ட கே.பி.பி. நம்பியார் கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்தில் எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் செய்து பழகிய மனிதர் என்பதை இப்போது யாரும் நினைப்பதில்லை.) 1991இல் மென்பொருள் ஏற்றுமதியை ஊக்குவிக்க மத்திய அரசின் எஸ்டிபிஐ வந்தது. பிறகு 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை. பழைய கணினிகளில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்ததைச் சரிசெய்ய கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்கள் மலைபோல் காத்துக் கிடந்தன. ஆட்கள் நிறைய வேண்டியிருந்தது. பொறுமையாக, வரி வரியாக, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆட்கள்.

அந்த ‘சொன்னபடி’தான் முக்கியம். வேலையை இரண்டாகப் பிளந்தார்கள். என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் பாதி வாடிக்கையாளரின் ஊரிலேயே இருந்தது. எழுதுவது, சோதிப்பது, ராத்திரி விழித்திருந்து பராமரிப்பது என்ற பாதி இங்கே வந்தது. கம்பெனியின் லாபம் ஆள் அமைப்பில் இருந்தது: அடித்தட்டில் குறைந்த சம்பளத்துக்கு நிறையப் புதியவர்கள், மேலே போகப் போகக் கொஞ்சம் அனுபவசாலிகள். வாடிக்கையாளருக்குப் போகும் பில் ஆள் கணக்கில், மணிக் கணக்கில். அப்படியென்றால் வருடா வருடம் அடித்தட்டு நிறைய புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் சிவிலா, மெக்கானிக்கலா என்பது யாருக்கும் பொருட்டில்லை. பத்தாவதிலிருந்து 60 சதவீதம், அரியர் கூடாது, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும், கற்றுக்கொடுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

கல்லூரிப் படிப்பின் மீது அந்தக் கம்பெனிகளுக்கே பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. மென்பொருள் கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் 2005இல் போட்ட அறிக்கை, தொழில்நுட்பப் பட்டதாரிகளில் கால்வாசிப் பேர்தான் இந்த வேலைக்குத் தேறுவார்கள் என்றது. அதனால் சொந்தமாகவே பள்ளிக்கூடம் கட்டினார்கள். இன்ஃபோசிஸ் மைசூரில் ஒரு பல்கலைக்கழகம் அளவுக்குக் கட்டியது. டிசிஎஸ்ஸின் பயிற்சி மையம் நமக்கு ஒரு ரயில் தூரத்தில், டெக்னோபார்க்கிலேயே இருக்கிறது. அதாவது அவர்கள் சொன்னது இதுதான்: நீங்கள் பாடம் நடத்தினாலும் சரி, நடத்தாவிட்டாலும் சரி, வடிகட்டி அனுப்புங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு, நடத்துவதையே விட்டுவிட்டீர்கள். என் மனத்தாங்கல் அதுதான்.

இரண்டாம் வருடத்திலேயே ஆப்டிட்யூட் வகுப்பு தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பயிற்சியாளர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வருகிறீர்கள். அதற்கான நேரம் எங்கேயிருந்து எடுக்கப்படுகிறது என்று டைம்டேபிளைப் பார்த்தால், பெரும்பாலும் மத்தியானம், பெரும்பாலும் லேப் வகுப்பு. டிபார்ட்மென்டில் நன்றாகப் படித்தவர்கள் வாத்தியார் வேலைக்கு வருவதும் நின்றுபோனது. வருகிற சம்பளத்தைவிட கழக்கூட்டத்தில் முதல் மாதமே அதிகம் கிடைத்தால் யார் வருவார்கள்? வந்தவர்களையும் அட்மிஷன் காலத்தில் ஸ்கூல் ஸ்கூலாகப் பிள்ளை பிடிக்க அனுப்புகிறீர்கள். எம்.இ. முடித்த ஒருவர் மே மாத வெயிலில் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் ஜூலையில் வகுப்புக்கு வந்து தெர்மோடைனமிக்ஸை எந்த மனநிலையில் நடத்துவார்?

அப்புறம் ஃபைனல் இயர் புராஜெக்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ‘புராஜெக்ட் சென்டர்’ என்று போர்டு மாட்டிய மாடிகள் இருக்கின்றன. போனால் தலைப்புப் பட்டியல் கொடுப்பார்கள். தலைப்புக்கு ஒரு விலை, கோடு மட்டும் என்றால் ஒரு விலை, ஹார்டுவேர் கிட்டோடு என்றால் இன்னொரு விலை, ரிப்போர்ட்டும் பிபிடியும் சேர்த்தால் பேக்கேஜ். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லியும் தருவார்கள். நான்கு பேர் பங்கு போட்டுப் பணம் கட்டுகிறார்கள். தங்க எழுத்து பதித்த அட்டைக்குள் அந்த ரிப்போர்ட் உங்கள் அலமாரியில் வந்து சேர்கிறது. என் முன்னால் உட்காரும் பிள்ளையிடம் புராஜெக்டைப் பற்றிக் கேட்டால் முதல் மூன்று வாக்கியம் மனப்பாடமாக வரும். “இந்த சென்சர் தப்பான ரீடிங் கொடுத்தால் உங்கள் நிரல் என்ன செய்யும்?” என்று கேட்டால் நான்காவது வாக்கியம் வராது. ஒரு பொறியாளர் தானே ஒன்றைச் செய்து, அது ஓடாமல் போய், ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வாய்ப்பு இந்த நான்கு வருடத்தில் அது ஒன்றுதான். அதையும் அவுட்சோர்ஸ் செய்துவிட்டோம்.

இதில் கம்பெனிகளை மட்டும் வில்லனாக்க நான் தயாரில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டு மாடி எழும்பியது. வளைகுடா பெரும்பாலும் நம் ஆண்களைத்தான் கூப்பிட்டது. டெக்னோபார்க் நம் பெண்களையும் கூப்பிட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியான பெண் காலையில் ரயிலேறி ராத்திரி வீடு திரும்பும் வேலை இதற்கு முன் இந்த மாவட்டத்தில் எத்தனை இருந்தன? கோடு ரிவ்யூ, வெர்ஷன் கன்ட்ரோல், செய்த வேலையை எழுதி வைக்கும் ஒழுங்கு, முகம் தெரியாத ஆளிடம் போனில் குழப்பமில்லாமல் பேசுவது எல்லாம் எங்களுக்கு அங்கே கிடைத்த நல்ல பழக்கங்கள். கல்லூரியில் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் விலையையும் பாருங்கள். நான் வேலைக்கு வந்த காலத்தில் புதியவர்களுக்கு வருடம் மூன்று லட்சத்துச் சொச்சம். இன்றும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் அடித்தட்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. இடையில் நாகர்கோவிலில் சென்ட் விலை எங்கே போயிற்று, உங்கள் ஃபீஸ் எங்கே போயிற்று என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தால், சம்பளத்தைப் பேரம் பேச அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இப்போது அந்த அடித்தட்டே கரைய ஆரம்பித்திருக்கிறது. 2021, 2022இல் கொரோனாவுக்குப் பிறகு வாரி வாரி எடுத்தார்கள். நீங்களும் போர்டு போட்டீர்கள். 2023-24இல் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் மொத்த ஆள் எண்ணிக்கை குறைந்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஜாயினிங் டேட்டுக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்; உங்கள் கணக்கில் அவர்கள் ‘பிளேஸ்டு’. அதே 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது. வாடிக்கையாளரின் ஊருக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் கனவுக்கும் அதோடு ஒரு பூட்டு. இதெல்லாம் போக, புதியவர்களிடம் நாங்கள் கொடுத்துப் பழக்கிய சின்ன வேலைகள், அதாவது டெஸ்ட் கேஸ் எழுதுவது, முதல் கட்ட சப்போர்ட் டிக்கெட்டைப் பார்ப்பது, பழைய நிரலுக்கு விளக்கம் எழுதுவது, இவற்றை ஏஐ கருவிகள் செய்ய ஆரம்பித்துவிட்டன. கருவி எழுதிக் கொடுத்ததில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற ஆள்தான் இப்போது வேண்டும். தப்பைக் கண்டுபிடிக்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு வேலை வருவது நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. வரும் விதம் மாறியிருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகள் நடுவில் ஆள் வைக்காமல் தாங்களே இங்கே மையம் திறக்கின்றன. நாடு முழுக்க இப்படி 1,700க்கும் மேல் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலேயே கார் கம்பெனியான நிசான் 2018இல் டிஜிட்டல் மையம் தொடங்கியது. அலையன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. காரைத் தெரிந்த ஆளுக்கு நிரலும் தெரிந்தால் கார் கம்பெனிக்கு அவன் பொக்கிஷம். நம் மெக்கானிக்கல் பிள்ளை அதில் முதலில் நிற்க வேண்டியவன். அவனிடமிருந்து காரைப் பிடுங்கிக்கொண்டு நிரலையும் அரைகுறையாகக் கொடுத்து அனுப்புகிறோம்.

இந்த நேரம் பார்த்து நீங்கள் செய்வது என்ன? பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25இல் ஒரு பிரிவுக்கு இத்தனை சீட் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. உடனே கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் என்று சீட்டைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். சிவில், மெக்கானிக்கல், இஇஇ பிரிவுகளை மூடுகிறீர்கள், அல்லது பெயருக்கு வைத்திருக்கிறீர்கள். பெற்றோர் கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். “கம்பெனி வருமா சாரே?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அந்தக் கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் ஃப்ளெக்ஸ் போர்டுதான்.

நம் ஊரில் இல்லாத வேலைக்காகப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம் என்ற பேச்சு வரும்போது எனக்கு மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் சோதித்துப் பார்த்து, அதில் கதிர்வீச்சுள்ள மோனசைட் தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு நம் கடற்கரைக்கே வந்துவிட்டார். 1911இல் ஆலை வந்தது. மணல் இங்கிருந்து அள்ளிப் போனது. அதிலுள்ள தோரியத்தில் கேஸ் விளக்குக்கான மேன்டில் செய்யும் அறிவும் லாபமும் அங்கே இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல் ஆலுவாயில் ஆலை வந்த பின்தான் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் வேலை நம் கைக்கு வந்தது. மூலப்பொருளை அனுப்பிவிட்டு எடைக்குக் காசு வாங்கிய அந்தக் காலத்துக்கும், வருடத்துக்கு இத்தனை தலை என்று பட்டதாரிகளை அனுப்பும் உங்கள் பிளேஸ்மென்ட் கணக்குக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. (மணல் எடுப்பது சரியா தப்பா என்ற சண்டை வேறு. அந்தச் சண்டைக்கும் கதிர்வீச்சை அளந்து சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் வேண்டும். இருக்கிறார்களா?)

நம்மைச் சுற்றி வேலையே இல்லையா? ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்கினால் முப்பந்தல். நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. பழைய காலத்து இயந்திரங்கள் நிறைய, ஒவ்வொன்றும் சில நூறு கிலோவாட். அவற்றை மாற்றிப் பெரியவை நிறுத்தவும், பழையவற்றின் ஆயுளை நீட்டவும் தமிழக அரசு 2024இல் கொள்கையே அறிவித்திருக்கிறது. அந்தப் பழைய இயந்திரங்களில் இருக்கும் இன்டக்‌ஷன் ஜெனரேட்டர் கிரிடிலிருந்து ரியாக்டிவ் பவரை (காந்தப்புலத்தை உருவாக்க மட்டும் வேண்டிய மின்சாரத்தை) இழுக்கும். அதற்கு உரிமையாளர் மின்வாரியத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த இழுப்பைக் குறைக்கும் கெப்பாசிட்டர் பேங்க் சரியாக வேலை செய்கிறதா என்று மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசனில் ஒரு காற்றாலையில் அளந்து பார்ப்பது, இஇஇ பிள்ளைகள் நான்கு பேருக்கு அருமையான புராஜெக்ட். அதில் பாடம் இருக்கிறது, பணம் இருக்கிறது, அந்த டேட்டாவை ஆராய நிரலும் எழுத வேண்டியிருக்கும். அந்தக் காற்றாடிகளுக்குக் கீழேயே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய், சென்னையிலிருந்து விலைக்கு வந்த ‘ஐஓடி ஸ்மார்ட் டஸ்ட்பின்’னைச் சமர்ப்பிக்கிறார்கள்.

மேற்கே போனால் தூத்தூர். ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகும் மீனவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி நின்ற படகுகளுக்குச் செய்தி போய்ச் சேர வழியில்லை. கையிலிருந்த விஎச்எஃப் வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. அதற்குப் பிறகு இந்தியச் செயற்கைக்கோள்கள் வழியே இயங்கும் நாவிக் கருவிகள் வந்தன, இருவழிச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. அவை உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்குகின்றன, பேட்டரி எப்போது சாகிறது, எந்த எச்சரிக்கையை மீனவர் நம்புகிறார், எதை அலட்சியம் செய்கிறார் என்று தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் உட்கார்ந்து கேட்டறிய இசிஇ பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்? அவர்களில் பலர் அந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள். இன்னும் குலசேகரத்து ரப்பர் புகைக்கூடம், மாத்தூர் தொட்டிப்பாலம், பக்கத்து மாவட்டத்து மகேந்திரகிரி ராக்கெட் மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் முப்பந்தலுக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலானவர்கள் கழக்கூட்டத்துக்கும் சென்னைக்கும்தான் போவார்கள், போகட்டும். ஒரு உண்மையான பொருளோடு மல்லுக்கட்டிய பிள்ளை எங்கள் மேஜைக்கு வந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். “ரீடிங் தப்பாக வந்தது சார், முதலில் வயரைச் சந்தேகப்பட்டோம், அப்புறம் பார்த்தால் ஸ்கேல் மாறியிருந்தது” என்று ஒருத்தி சொன்னாள் என்றால், அவளுக்கு ஜாவா தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதை நாங்கள் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

சிலபஸ் அண்ணா பல்கலைக்கழகம் போடுவது, எங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள். தன்னாட்சி வாங்கிவிட்ட கல்லூரிகள் அதைச் சொல்ல முடியாது. பாடத்திட்டக் குழு உங்களுடையது. அந்தக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி என்ற நாற்காலிக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எச்.ஆரைத்தான் கூப்பிட வேண்டுமா? காற்றாலையில் இருபது வருடம் பராமரிப்பு பார்த்த ஒருவரைக் கூப்பிடுங்கள். மற்ற கல்லூரிகளுக்கும் புராஜெக்ட் தலைப்பு, லேப் நேரம், மினி புராஜெக்ட், கோடை விடுமுறை இவையெல்லாம் உங்கள் கையில்தான். 2022இல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் வகுப்புகளையும் ஒரு சான்றிதழ் கணக்காக முடித்துத் தள்ளாமல், டிபார்ட்மென்ட் பாடத்தோடு கட்டிப் பாருங்கள்.

வாத்தியார்களைப் பிள்ளை பிடிக்க அனுப்பும் அந்த மே மாதத்தில், ஆளுக்கு மூன்று வாரம் ஏதாவது ஒரு ஆலையிலோ எங்களைப் போன்ற அலுவலகத்திலோ உட்கார வையுங்கள். ஆப்டிட்யூட் வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, சாயங்காலம் வையுங்கள். லேப் நேரத்தைத் தொடாதீர்கள். கேம்பஸுக்கு வரும் கம்பெனியிடம், எங்கள் பிள்ளைகளிடம் அவர்கள் படித்த பாடத்திலும் பத்துக் கேள்வி கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முதல் வருடம் நம் பிள்ளைகள் திணறுவார்கள். திணறட்டும்.

போர்டு போடாமல் இருக்க உங்களால் முடியாது, தெரியும். போடுங்கள். ஆனால் ஆஃபர் எத்தனை, வேலையில் சேர்ந்தது எத்தனை, எந்தப் பிரிவுப் பிள்ளை எந்த வேலையில், இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் அதே துறையில் இருக்கிறார்கள் என்று நான்கு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே பிள்ளைக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்று பிளேஸ்மென்டாக எண்ணும் வித்தையை நிறுத்துங்கள். முதலில் துணிந்து போடும் கல்லூரிக்கு அந்த வருடம் அட்மிஷன் குறையலாம். ஆனால் என் அண்ணன் மகளை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் கேட்டால் நான் அந்தக் கல்லூரியைத்தான் கை காட்டுவேன்.

கடைசியாக ஒன்று. கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் குமரிக்காரர்கள் சிலர் சேர்ந்து பேசியிருக்கிறோம். இந்த வருடம் ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்புகளை முடிவு செய்வதற்கு முன், எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் வருகிறோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து தலைப்பு தேடவும், ரிவ்யூவுக்கு வந்து கேள்வி கேட்கவும் தயார். பொன்னாடை, மேடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். பயணப்படியும் வேண்டாம், ரயில் பாஸ் இருக்கிறது. எங்களுக்குத் தேவை இரண்டுதான்: லேப் மத்தியானத்துக்கு மேலும் திறந்து கிடக்க வேண்டும், புராஜெக்ட் சென்டர் ரசீதோடு வரும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல ஒரு எச்.ஓ.டி. வேண்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தக்கலைக்காரன்